தேரை ஊறப் போட்ட மண்வெட்டி

மண்வெட்டிக்கும் தேரைக்கும் வாய் இருந்த அந்த நாட்களில், மனிதர்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் அடுத்தவர் வயலில் வேலை. சனியும் ஞாயிறும் சொந்தக் கொல்லையில் வேலை. ஓய்வுக்கென்று ஒரு நாளை ஏன் வைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நாளுக்கும் ஒரு வேலை வந்திருக்கும்.

மலையடிவாரத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. வாய்க்காலுக்குத் தெற்கே, அதைவிடச் சற்றுத் தாழ்ந்த நிலத்தில், ஒண்டிமுத்து என்பவருடைய வீடும் கொல்லையும் இருந்தன. கொல்லையில் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி, சில தென்னைகள், ஒரு சுரைப்பந்தல், ஒரு பூசணிக்கொடி, இரண்டு பாத்தி கத்திரி நாற்று. இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுக்கும் சனிக்கிழமை தோறும் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும், சாய்ந்திருக்கும், துருப்பிடித்திருக்கும்.

ஒண்டிமுத்துவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவரைச் சோம்பேறி என்று ஊரில் சொன்னார்கள். அது முழு உண்மை இல்லை. சோம்பேறி வேலையை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். ஒண்டிமுத்துவுக்கு எந்த வேலையும் மறக்காது. ஒவ்வொன்றையும் மனதுக்குள் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். கோரையைப் பிடுங்கலாம் என்று குனிவார். கத்திரியும் மழைக்குத்தான் முளைத்தது, கோரையும் மழைக்குத்தான் முளைத்தது, இதில் ஒன்றைக் களை என்று சொல்ல நான் யார் என்று தோன்றும். நிமிர்ந்துவிடுவார். முதுகுவலி வருகிற நேரத்தில்தான் அந்தக் கேள்வியும் வருகிறது என்பது அவருக்கே சந்தேகமாக இருந்தது. அந்தச் சந்தேகத்தையும் உட்கார்ந்து யோசிப்பார்.

யோசித்து முடித்ததும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"அதைக் கொஞ்சம் ஊறப் போடு."

அவருடைய மனைவி அங்காயிக்கு இந்தச் சொல் பழகிவிட்டது. பந்தல் கால் சாய்ந்திருக்கிறது என்றால், ஊறப் போடு. கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட வேண்டும் என்றால், ஊறப் போடு. அந்த வீட்டில் உண்மையாகவே தண்ணீரில் ஊறியது அரிசியும் அவரை விதையும் மட்டும்தான். அதையும் அங்காயி போட்டதால் ஊறியது. மற்றதெல்லாம் ஒண்டிமுத்துவின் வாயில் ஊறிக் கிடந்தன.

அந்தக் கொல்லையில் அதிகம் பேசியது மண்வெட்டி. அதற்கு இரண்டு வாய். இரும்புக்கு ஒன்று, காம்புக்கு ஒன்று. காம்பு பச்சையாக இருந்தபோது இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். அப்போது இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தனவாம். நாளாக நாளாக, வெயிலில் கிடந்து காம்பு காய்ந்து சுருங்கியது. பிடி தளர்ந்தது. பேச்சு வளர்ந்தது.

உன்னிடம் முன்னே இருந்த பிடிப்பு இல்லை என்று இரும்பு சொல்லும். கனத்துப் போனது நீ, குறை சொல்வது என்னையா என்று காம்பு கேட்கும். ஒண்டிமுத்து ஓங்குகிற நேரம் பார்த்து, "நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு இரும்பு கழன்று பறக்கும். அம்மா வீடு என்றால் கொல்லன் பட்டறை. ஆனால் அது போய்ச் சேர்ந்ததெல்லாம் பூசணிக்கொடி வரைக்கும்தான். இரண்டுக்கும் நடுவில் அங்காயி ஒரு ஆப்பு அடித்து வைத்தாள். இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்கச் சகிக்காமல் ஆப்பும் ஒரு நாள் விழுந்துவிட்டது.

இப்படியிருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, குழம்புக்கு அரைக்கலாம் என்று அங்காயி ஒரு தேங்காயை உடைத்தாள். உள்ளே பருப்பே இல்லை. வெறும் ஓடு.

"தேரை மோந்திருக்கு" என்றாள்.

அந்த வீட்டுத் தேரை கல்தொட்டியின் நிழலில் குடியிருந்தது. அன்றைய தேரையை இன்றைய தேரையோடு ஒப்பிடக் கூடாது. ஒரு பரங்கிக்காய் அளவு இருக்கும். கைகால்கள் தடிமனாக, தோல் எண்ணெய் தடவிய சட்டிபோல வழவழவென்று இருக்கும். அங்காயியை அக்கா என்றும் ஒண்டிமுத்துவை மாமா என்றும் கூப்பிடும். நல்ல குணம். ஒரே குறை, சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். போன வருஷம் அங்காயி சலிப்போடு, "எங்கேயாவது போய் ஒழி" என்று சொன்னதற்கு, அது மாலை வரை வைக்கோற்போருக்குள் ஒளிந்திருந்து, "இன்னும் ஒளியணுமா அக்கா?" என்று கேட்டது.

தேங்காய் விஷயத்தில் தேரை தன் பக்க நியாயத்தைச் சொல்லிப் பார்த்தது. தான் இதுவரை எந்த மரமும் ஏறியதில்லை, தொட்டியின் விளிம்பில் ஏறுவதற்கே மூச்சு வாங்குகிறது, அப்படியே ஏறினாலும் அத்தனை கனமான ஓட்டுக்கு வெளியே இருந்து மோந்து உள்ளே இருப்பதை எப்படித் தின்ன முடியும் என்று கேட்டது. நல்ல கேள்விதான். ஆனால் குழம்பு கொதிக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வி இல்லை.

"இந்தக் கொல்லையில கோழி முட்டை வைக்குது, நாய் குரைக்குது, மாடு கறக்குது. நீ என்ன செய்யறே? உக்காந்திருக்கே. உக்காந்து யோசிக்க இங்கே ஏற்கனவே ஒரு ஆள் இருக்காரு" என்றாள் அங்காயி. "ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள, இந்த வீட்டுக்கு ஒரு வேலையாவது செஞ்சு காட்டு. இல்லைன்னா வேலிக்கு அந்தப் பக்கம்தான்."

வேலிக்கு அந்தப் பக்கம் வண்டிப்பாதை. தேரையின் சித்தப்பா ஒருவர் அங்கேதான் இருக்கிறார். தட்டையாக.

தேரை நடுங்கிப் போய்ப் பெட்டைக்கோழியிடம் யோசனை கேட்டது. கோழி கிளறிக்கொண்டிருந்த மண்ணிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னது. "உங்க மாமா பின்னாடியே போ. அவர் என்ன செய்யச் சொல்றாரோ அதைச் செய். ஏன், எதுக்குன்னு கேக்காதே. முக்கியமா, யோசிக்காதே."

மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே தேரை ஒண்டிமுத்துவின் பின்னால் தத்தித் தத்தி நடந்தது.

முதல் வேலை வாய்க்கால் ஓரத்துக் கரை. போன மழையில் அது ஓரிடத்தில் இடிந்து தாழ்ந்திருந்தது. இன்னொரு பெருமழை வந்தால் வாய்க்கால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். நேரே கத்திரி நாற்றுக்குத்தான் வரும். மண்வெட்டி போட்டு மண் அணைத்துக் கரையை உயர்த்த வேண்டும் என்று அங்காயி வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒண்டிமுத்து மண்வெட்டியை ஓங்கினார். இரும்பு வழக்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கழன்று பறந்து பூசணிக்கொடியில் விழுந்தது. கையில் வெறும் காம்பு நின்றது.

ஒண்டிமுத்து காம்பைப் பார்த்தார். பூசணிக்கொடியைப் பார்த்தார். இதில் யார் மேல் தப்பு, விட்டவன் மேலா விட்டுப் போனவன் மேலா என்று நின்று யோசித்தார். கொடிக்கடியிலிருந்து இரும்பு தன் கட்சியைச் சொன்னது. காம்பு தன் கட்சியைச் சொன்னது. இரண்டிலும் நியாயம் இருந்தது.

"மம்பட்டியை ஊறப் போடு" என்று அங்காயி இருக்கிற திசை நோக்கிச் சொல்லிவிட்டு, காம்பை வரப்பில் வைத்துவிட்டு நடந்தார்.

தேரையின் கண்கள் விரிந்தன. ஊறப் போடுவதென்றால் அதற்குத் தெரியும். அக்கா அரிசியை ஊறப் போடுவதையும் விதையை ஊறப் போடுவதையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறது. எடுத்துத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்காகவா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தது.

"ஆகட்டும் மாமா" என்றது.

இரும்பைத் தூக்கிவந்து காம்பில் மாட்டி, அப்படியே இழுத்துப்போய்க் கல்தொட்டிக்குள் தள்ளியது. இரும்பும் காம்பும் சேர்ந்தாற்போல எதையோ சொல்ல வாயைத் திறந்தன. தண்ணீர் புகுந்துகொண்டது.

அடுத்து அரிவாள். சாணை பிடிக்க வேண்டும். ஒண்டிமுத்து அதன் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, கூர் என்பது அரிவாளுக்கு நல்லதா புல்லுக்கு நல்லதா என்று கொஞ்சம் யோசித்து, ஊறப் போடு என்றார். ஆகட்டும் மாமா. அடுத்து, அவருடைய செருப்பு. வார் அறுந்திருந்தது. ஊறப் போடு. ஆகட்டும் மாமா. கிணற்றுக் கயிறு நைந்து கிடந்தது, முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். ஆகட்டும் மாமா. மழைக்கு முன்னால் பரணில் ஏற்ற வேண்டிய உப்பு மூட்டை ஒன்று தாழ்வாரத்தில் இருந்தது. ஏற்றலாமா என்று அங்காயி அடுக்களையிலிருந்து கேட்டாள். ஒண்டிமுத்து முட்டியைத் தடவிக்கொண்டு, ஊறப் போடு என்றார்.

உப்பு மூட்டையைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் தேரைக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆனால் மனம் நிறைந்திருந்தது. இந்த வீட்டில் இவ்வளவு வேலை இருந்ததா, இத்தனை நாள் ஒருவர்கூடச் செய்யாமல் கிடந்ததே என்று அதற்கு வருத்தமாகக்கூட இருந்தது. மூட்டை தொட்டிக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வெறும் சாக்கு மேலே மிதந்து வந்தது. உப்பு சீக்கிரம் ஊறுகிற பொருள் போலிருக்கிறது என்று தேரை நினைத்துக்கொண்டது. சாக்கை மடித்து ஓரமாக வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மலை தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கி நின்றது. தூரத்தில் இடி உருண்டது. மலையில் பெய்த மழை வாய்க்காலுக்கு வந்து சேர அதிக நேரம் ஆகாது.

அங்காயி மண்வெட்டியைத் தேடினாள். காணவில்லை. அரிவாளைத் தேடினாள். அதையும் காணவில்லை. திருட்டுப் போயிருக்கிறது என்று அவள் சொன்னபோது, எடுத்துக்கொண்டு போனவனுக்கு நம்மைவிட அவசரம் இருந்திருக்கும் என்றார் ஒண்டிமுத்து. அங்காயி அவரைப் பார்த்த பார்வையில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனார். அங்கே மாடு காலையிலிருந்து தொட்டித் தண்ணீரில் வாய் வைக்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. தொட்டிப் பக்கம் யாராவது வந்து பாருங்கள் என்று அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மாடு எப்போதும் ஏதாவது குறை சொல்லும் என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த நேரத்தில் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வீரமலை வந்தார். அங்காயியின் தம்பி. வாய்க்காலுக்குக் கொஞ்சம் கீழே அவருக்கும் ஒரு கொல்லை உண்டு. மழை வருகிறது, கரை கட்ட வேண்டும், மண்வெட்டி இரவல் வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

அங்காயி கொட்டகைக்கு ஓடினாள். "ஏங்க, தம்பி மம்பட்டி கேட்டு வந்திருக்கான். என்னன்னு சொல்ல?"

மச்சினனிடம் மண்வெட்டி காணாமல் போனது என்று சொல்வதா, இருந்தபோதும் உடைந்துதான் இருந்தது என்று சொல்வதா, இரண்டில் எது குறைந்த அவமானம் என்று ஒண்டிமுத்துவுக்கு உடனே முடிவு செய்ய முடியவில்லை.

"அவனைக் கொஞ்ச நேரம் ஊறப் போடு. வர்றேன்" என்றார்.

கொட்டகை வாசலில் நின்ற தேரை இதைக் கேட்டது. இந்த ஒரு தடவை அது கொஞ்சம் தயங்கியது. வீரமலை நல்ல உயரம். உப்பு மூட்டையைவிடக் கனமாக இருப்பார். ஆனால் யோசிக்காதே என்று கோழி சொல்லியிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு வேலை என்று அக்கா சொல்லியிருந்தாள். மனிதரை ஊறப் போட்டுக் காட்டிவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் தன்னை வெளியே அனுப்ப முடியாது.

வீரமலை அதற்கு வசதியாகக் கல்தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்து, காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆகட்டும் மாமா" என்று தேரை தனக்குள் சொல்லிக்கொண்டு, பின்னங்காலை நன்றாக ஊன்றி, பரங்கிக்காய் அளவு உடம்போடு அவர் மார்பின் மேல் பாய்ந்தது.

சத்தம் கேட்டு ஒண்டிமுத்துவும் அங்காயியும் ஓடி வந்தபோது, தொட்டிக்குள் வீரமலையின் கால் மட்டும் தெரிந்தது. பிறகு தலை தெரிந்தது. தலையின் மேல் ஒண்டிமுத்துவின் செருப்பு, அப்பளம்போல் உப்பி, இருந்தது. கழுத்தில் கிணற்றுக் கயிறு. அவர் கையை உள்ளே விட்டுத் துழாவி அரிவாளை எடுத்து வெளியே வைத்தார். முந்தின நாள் வரை பளபளத்தது இப்போது காவி நிறமாகியிருந்தது. மறுபடியும் துழாவினார். மண்வெட்டியை எடுத்து வைத்தார். வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பினார். உப்புக் கரித்தது.

"மாமா, தொட்டிக்குள்ள உங்க வீடே இருக்கு" என்றார்.

ஒண்டிமுத்து ஒரு அடி பின்வாங்கினார். தேரை மட்டும் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பாராட்டை எதிர்பார்க்கிற முகம்.

"நான்தான் அக்கா" என்றது. "மாமா ஊறப் போடச் சொன்னது எல்லாத்தையும் போட்டுட்டேன். ஒண்ணையும் விடலை."

"என்னையுமாடா?" என்றார் வீரமலை.

"உங்களைக் கொஞ்ச நேரம்தான் சொன்னாரு. போதும்னா எந்திரிச்சுக்கலாம்."

அங்காயிக்குக் கோபத்தில் முதலில் பேச்சு வரவில்லை. வந்தபோது நிறைய வந்தது. வருஷத்துக்கு வைத்திருந்த உப்பு கரைந்து போனதைச் சொன்னாள். அரிவாளைச் சொன்னாள். ஊறப் போடு என்றால் தண்ணீரில் போடுவது என்று எந்த மடையன் சொன்னான், அது ஒரு பேச்சுக்குச் சொல்வது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் என்றாள்.

தேரை குழம்பிப் போனது. "அப்புறம்னா எப்ப அக்கா?"

அங்காயி பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினாள். திரும்பி ஒண்டிமுத்துவைப் பார்த்தாள். வீரமலையும் தொட்டிக்குள் நின்றபடியே அவரைப் பார்த்தார். கோழிகூடக் கிளறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஒண்டிமுத்து தன் வாழ்நாளில் அந்தச் சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அதற்கு அர்த்தம் அப்புறமா, இல்லை எப்போதுமே இல்லையா என்பதை அவரும் ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். கோரையைப் பற்றியெல்லாம் யோசித்தவர். இந்த ஒன்றை மட்டும் அவர் யோசித்ததே இல்லை. கேள்வி அவரைச் சுட்டது. அவர் தரையைப் பார்த்தார்.

பதில் வராத கோபமும் அங்காயிக்குத் தேரையின் மேல்தான் திரும்பியது. கைக்கு எட்டுகிற தூரத்தில் அதுதான் இருந்தது.

"செஞ்சதையும் செஞ்சுட்டு நிமிர்ந்து வேற உக்காந்திருக்கியே. வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் கூனிக் குறுகிப் போயிருப்பான்."

தேரை அதையும் அப்படியே எடுத்துக்கொண்டது. முதலில் முதுகைக் கூனியது. பிறகு குறுகியது. பரங்கிக்காய் அளவு இருந்தது தேங்காய் அளவானது, மாங்காய் அளவானது, கடைசியில் உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு வந்து நின்றது. உடம்பு குறுகியதே தவிர, அவ்வளவு பெரிய தோல் எங்கே போகும்? அது அங்கங்கே சுருங்கித் திரண்டு முண்டும் முடிச்சுமாக நின்றுவிட்டது. வழவழப்பெல்லாம் போய்ச் சொரசொரவென்று ஆனது.

"இது போதுமா அக்கா?" என்றது. குரலும் சின்னதாகியிருந்தது.

அங்காயிக்குச் சுருக்கென்றது. ஆனால் உப்பு ஞாபகம் வந்தது. மண்வெட்டியை எடுத்தாள். தேரையை அதன் இரும்பில் அள்ளினாள். வேலியை நோக்கி நடந்தாள்.

ஒண்டிமுத்து பின்னாலேயே வந்தார். தேரையைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றும் தோன்றியது. அது புதிய அனுபவம். "அங்காயி, அதை வெளியே போடறதைக் கொஞ்சம் ஊறப்..." என்று ஆரம்பித்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். அவரிடம் வேறு சொல் இல்லை. பழகிய வாய்க்கு அந்த ஒரு சொல்தான் தெரிந்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பாரவண்டி சக்கரம் கிறீச்சிடப் போய்க்கொண்டிருந்தது. அங்காயி மண்வெட்டியை ஓங்கி வேலிக்கு மேலே வீசினாள். தேரை விழவில்லை. இரும்பின் ஓரத்தை நான்கு காலாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. அவள் மறுபடியும் வீசினாள். உதறினாள். கடைசியில் பொறுமையிழந்து, அதைக் கீழே தள்ளுவதற்காக மண்வெட்டியின் பின்பக்கத்தை வேலியோரக் கல்லில் ஓங்கித் தட்டினாள்.

கணீரென்று ஒரு சத்தம் வந்தது.

அங்காயி நின்றாள். காம்பைப் பார்த்தாள், இரும்பைப் பார்த்தாள். இத்தனை வீச்சுக்கு அது இந்நேரம் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுப் பூசணிக்கொடியில் கிடந்திருக்க வேண்டும். அசையவில்லை. கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். மலையை ஆட்டினது போலிருந்தது. காய்ந்து கிடந்த காம்பு முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடித்துக் குடித்துப் பருத்து, இரும்பின் கண்துளையை நிறைத்துப் பிடித்திருந்தது.

அதைவிட ஆச்சரியம், இரண்டும் சண்டை போடவில்லை. இரும்பு மெல்ல, "நல்லா இருக்கே இப்ப" என்று சொன்னது மட்டும் கேட்டது. "பேசாம வேலையைப் பாரு" என்றது காம்பு.

"ஏங்க" என்றாள் அங்காயி. குரல் மாறியிருந்தது. "இங்கே வந்து இதைப் பாருங்க."

அவர் வந்து பார்ப்பதற்குள் வாய்க்காலில் சத்தம் மாறியது. மலைத் தண்ணீர் செம்மண் நிறத்தில், சருகுகளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. கரை இடிந்த இடத்தில் அது விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

ஒண்டிமுத்து மண்வெட்டியை வாங்கினார். முதுகு வலித்தது. வழக்கமான கேள்விகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தண்ணீருக்கு அது போகிற வழியில் போக உரிமை இல்லையா என்று ஒன்று கேட்டது. அவர் அதைக் காதில் வாங்காமல் ஓங்கினார். அவர் வெட்டிப் போட்ட மண்ணை ஈரவேட்டியோடு வீரமலை அள்ளிக் கொட்டினார். அங்காயி மிதித்து இறுக்கினாள். தேரை முதல் வெட்டிலேயே தெறித்து விழுந்து, தத்திப் போய்த் தொட்டிக்கு அடியில் இருந்த ஈரச் சந்தில் நுழைந்துகொண்டது. அந்தச் சந்துக்குள் நுழைகிற அளவு அப்போதுதான் அதற்கு வந்திருந்தது.

தண்ணீர் உயர்ந்தது. கரையும் உயர்ந்தது. கொஞ்ச நேரம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே ஏறின. கடைசியில் தண்ணீருக்கு அலுத்துவிட்டது. அது கரையை ஒட்டியபடியே கிழக்கே போய்விட்டது. கத்திரி நாற்று ஒன்றுகூடப் போகவில்லை. வீரமலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் போவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று தன் கொல்லைக்கு ஓடினார்.

பொழுது சாய்ந்தபோது மழை விட்டிருந்தது. தேரை தொட்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. யாரும் கூப்பிடவில்லை. கெடு முடிந்துவிட்டது, தானாகப் போவதுதான் மரியாதை என்று வேலியை நோக்கித் தத்திக்கொண்டிருந்தது. இப்போதைய அளவுக்கு வேலி வெகுதூரம்.

அங்காயி குறுக்கே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கே போறே?"

"வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா."

"போக வேணாம். உனக்கு இங்கே வேலை இருக்கு." சொல்லும்போது அவள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகிலிருந்த முடிச்சுகளைப் பார்த்தாள். "சனிக்கிழமை சாயங்காலம் ஆனா மம்பட்டியை ஊறப் போடணும். அது ஒண்ணுதான் உன் பொறுப்பு. வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"என்னன்னு கேக்கணும்?"

"தண்ணியிலயா மாமா, பேச்சுலயான்னு கேக்கணும்."

தேரை அதைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டது. பிறகுதான் அதற்கு ஒன்று உறைத்தது. மண்வெட்டியைத் தூக்குகிற உடம்பு இப்போது அதனிடம் இல்லை. மறுபடியும் பெரிதாக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. குறுகச் சொல்ல அங்காயிக்குத் தெரிந்திருந்தது. பெருகச் சொல்லும் சொல் எது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒண்டிமுத்து வெகுநேரம் யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை. கடைசியில், நான் போட்டுவிடுகிறேன், நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள் என்றார். அடுத்த சனிக்கிழமை அவரே மண்வெட்டியைத் தொட்டிக்குக் கொண்டுவந்து போட்டார். கப்பிக்கு எண்ணெய் விட்டாரா என்றால், அது வேறு விஷயம்.

இரும்பும் காம்பும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. சண்டை தீர்ந்ததால் பேச்சு நின்றதா, இறுகிப் போனதால் நின்றதா என்று ஒண்டிமுத்து சில சாயங்காலங்களில் அங்காயியின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்ததுண்டு. அவளிடம் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக மற்ற ஆயுதங்களும் பேச்சை விட்டுவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் வேலை இருக்கிறவர்கள் சனிக்கிழமை மாலையே மண்வெட்டியைத் தண்ணீரில் ஊறப் போடும் வழக்கம் வந்தது அப்படித்தான். பருப்பில்லாத தேங்காய்க்கு இன்றைக்கும் தேரையைத்தான் சொல்கிறார்கள். அந்த வழக்கு மட்டும் தீரவில்லை. ஆனால் தேரையை யாரும் வேலிக்கு வெளியே போடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியை நகர்த்திப் பாருங்கள், அடியில் ஈரத்தில் உட்கார்ந்திருக்கும். உங்களை அண்ணாந்து பார்க்கும். அதன் தொண்டை ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மனப்பாடம் செய்ததைத்தான் அது அன்றிலிருந்து இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறது: தண்ணியிலயா மாமா, பேச்சுலயா?